பின்கதவுப் பூட்டு

தலையணை சூடாக இருந்தது.

கண்ணப்பன் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். கட்டிலில் இசைவாணி படுக்கும் பக்கம் சில்லென்று கிடந்தது. அவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு கிளம்பிப் போய் ரொம்ப நேரம் ஆகிறது, அது சரி. இவன் பக்கத்துத் தலையணையில்தான் ஒரு தலை அழுந்திய பள்ளமும், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி ஒரு வெதுவெதுப்பும் இருந்தன. ராத்திரி முழுக்க ஒரகடத்தில் பிரஸ் மிஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனின் தலையணை எப்படிச் சூடாகும்? வெயில் பட்டிருக்கும் என்று ஜன்னலைப் பார்த்தான். அது மூடியிருந்தது. குனிந்து முகர்ந்தான். சந்தன சோப்பு வாசனை, எப்போதோ பழகினது போல. அவன் மேல் வீசுவதோ மிஷின் எண்ணெய். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் போகாது.

அன்றைக்கு அவன் அந்தக் கட்டிலில் படுக்கவில்லை.

வடக்குப்பட்டில் அந்த இரண்டு பேரும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அவளுக்குக் காலை ஷிப்ட், அவனுக்கு வருஷக்கணக்காக நைட் ஷிப்ட். அவள் முன்கதவைப் பூட்டிச் சாவியோடு போய்விடுவாள். அவன் வந்து, பின்கதவு இடுக்கில் விரலை விட்டுக் கொக்கியைத் தூக்கி உள்ளே வருவான். சாயங்காலம் அவள் வந்து டீ போடும்போது இவன் ஷூ மாட்டிக்கொண்டிருப்பான். "சாப்ட்டியா?" "ம்." அவ்வளவுதான் தாம்பத்தியம்.

முன்பெல்லாம் டீயைக் கையில் கொடுக்கும்போதே, "எப்பதான் மாமா ஷிப்ட்ட மாத்துவானுங்க? நைட்ல தனியா பயமா கீது" என்று பிடித்துக்கொள்வாள். இப்போது அந்தப் பேச்சே இல்லை. யோசித்துப் பார்த்தால் மாமா என்று கூப்பிட்டே எத்தனையோ நாளாகிறது. கன்னம் பூரித்திருக்கிறது. பூ வைத்துக்கொள்கிறாள், தனக்குள் எதையோ நினைத்துச் சிரித்துக்கொள்கிறாள். கழுவிக் கவிழ்த்த டம்ளர் தினமும் இரண்டாக இருக்கிறது. கட்டின பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாள், அதற்குக் காரணம் தான் இல்லை என்று தெரிந்தால் ஒரு ஆம்பளைக்கு வயிறு எரியாதா? எரிந்தது. சோறு இறங்கவில்லை.

ஆள் யார் என்று அவனாகவே முடிவு கட்டினான். அவளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் டிரைவர் டில்லிபாபு. நெற்றியில் சந்தனம், மடிப்புக் கலையாத சட்டை. ஒருநாள் ரோட்டில் எதிரே வந்த அந்த பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்ததை இவன் பார்த்திருக்கிறான். போதாதா?

மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தவர் நெல்லையப்பன். தெற்கத்திக்காரர், ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. டீக்கடையில் வைத்து, திருட்டு பயம் என்று சொல்லி, கண்ணப்பன் மெதுவாகக் கேட்டான்.

"நைட்ல எவனாவது வூட்டுக்குள்ள பூந்துட்டான்னு வைங்க, அடிச்சதுல அவன் செத்துட்டா இன்னா சார் ஆவும்?"

நெல்லையப்பனுக்குச் சட்டம் பேசுவதென்றால் சர்க்கரை. "பொழுது அடைஞ்ச பெறவு, விடியிறதுக்கு முன்னால, பூட்ட ஒடச்சு உள்ள வாரான்னு வையும். ஒம்ம உசிருக்கும் ஒம்ம வீட்டம்மா உசிருக்கும் பயம்னா, அடிச்சதுல அவன் உசிரு போனாலும் சட்டம் ஒமக்கு எடம் குடுக்கும் வே. ஆனா அதுக்கு ஒரு எல்லை உண்டு பாத்துக்கிடும். ஒரு அடியில முடங்கிட்டாம்னா ரெண்டாவது அடி கூடாது. தூங்குறவன அடிக்கக் கூடாது. திரும்பி ஓடுறவன் முதுகுல விழுந்துச்சுன்னா அது கொலை. கதவத் தொறந்து வச்சு வரவழச்சு அடிச்சாலும் கொலைதான்."

"பூட்டு ஒடஞ்சிருக்கணும். அடி முன்னால இருக்கணும்."

"கேள்விய நல்லாக் கேக்கேரு. எதுக்கு வே?"

"சும்மா சார்."

மறுநாளே இரும்புக்கடையில் கனமான பூட்டொன்று வாங்கிப் பின்கதவுக்கு உள்பக்கமாகப் போட்டான். தனக்கு முன்கதவுக்கு இன்னொரு சாவி செய்துகொண்டான். கட்டிலறைக் கதவுக்குப் பின்னால் கடப்பாரையைச் சாத்தி வைத்தான். நெல்லையப்பன் சொன்ன அத்தனையும் இசைவாணிக்கும் சொன்னான், ஒன்று விடாமல். நாளைக்கு போலீஸ் கேட்டால் அவளும் அதையே சொல்ல வேண்டுமே.

"யாரு, என்னான்னு பாக்காமயா அடிக்கிறது?" என்றாள் அவள்.

"பூட்ட ஒடச்சுகினு வர்றவன் யாரா இருந்தா இன்னா?"

அவள் கடப்பாரையையும் அவனையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பூட்டு போட்ட பிறகும் காலையில் தலையணை சூடாகவே இருந்தது. அப்படியானால் வருகிறவனை இவளே முன்கதவைத் திறந்து விடுகிறாள். அவனுக்கு மண்டை கொதித்தது. ஒருநாள் பாதி ஷிப்டில் காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் சொல்லி, கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அந்த நேரத்தில் கம்பெனி பஸ் ஏது? கன்டெய்னர் லாரிகள் தரை அதிர ஓடிக்கொண்டிருந்த ரோட்டின் ஓரமாக, டீசல் புகையும் எங்கேயோ ரப்பர் தீய்கிற நாற்றமும் மூக்கில் ஏற, லாரி வெளிச்சத்தில் தன் நிழல் முன்னால் நீண்டு நீண்டு சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஊருக்குள் திரும்பியதும் லாரிச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. தினமும் அவனிடம் பிஸ்கட் வாங்கித் தின்கிற தெருநாய் வாலைக் கவட்டைக்குள் செருகிக்கொண்டு அவனைப் பார்த்து உறுமியது.

"ஏய், நான்தான்," என்றான். அது பின்வாங்கி வழிவிட்டது.

வீட்டில் விளக்கில்லை. வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. சாவியைப் போட்டுத் தள்ளினான். முன்கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் காதை வைத்தான்.

உள்ளே ஒரு ஆணின் குரல், அடித்தொண்டையில். அதற்கு இசைவாணியின் சிரிப்பு. பிறகு தூக்கக் கலக்கத்தில், குழைந்து, "போ மாமா" என்றாள்.

மாமா.

அவனுக்குள் ஏதோ அறுந்தது. தட்டினால் உஷாராகிவிடுவான், கதவைத் திறந்ததும் இவனைத் தள்ளிவிட்டு ஓடிவிடுவான், முதுகுதான் கிடைக்கும். கொல்லைப்புறம் போனான். அங்கே கிடந்த இரும்புக் கம்பியைக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினான். நாதாங்கி பெயர்ந்தது. தான் வாங்கிய பூட்டு தன் காலடியிலேயே கழன்று விழுந்ததைக்கூட அவன் யோசிக்கவில்லை.

அடுக்களை. இருட்டு. கவிழ்த்த இரண்டு டம்ளர். சந்தன சோப்பு வாசனை, நெஞ்சை அடைக்கும்படி.

ஜன்னல் இடுக்கில் கசிந்த தெருவிளக்கு வெளிச்சத்தில், கட்டிலில் ஒருவன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். இவன் பக்கத்தில். இவன் தலையணையில். இசைவாணியின் கை அவன் இடுப்பின் மேல் கிடந்தது. என்ன நிம்மதி அவள் முகத்தில். தூங்குகிறவனை அடிக்கக் கூடாது. முதுகில் கூடாது. கண்ணப்பன் கம்பியை ஓங்கிக்கொண்டு சொன்னான்.

"டேய். திரும்புடா."

திரும்பினான்.

டில்லிபாபு இல்லை. அவன் கண்ணப்பன்.

அதே மூக்கு, அதே புருவத் தழும்பு. ஆனால் கண்ணுக்குக் கீழே கருப்பு இல்லை. கன்னம் ஒட்டவில்லை. வருஷக்கணக்காக ராத்திரியில் தூங்கியவனின் முகம். கல்யாணமான புதிதில் தான் போட்ட சோப்பு அது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இசைவாணி எழுந்து உட்கார்ந்தாள். ஓங்கிய கம்பியைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு மாமா இவன்?"

"இசை, நான்டி."

"என் பேரு எப்டி மாமா இவனுக்குத் தெரியும்?" எட்டி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். "பூட்ட ஒடச்சுகினு வந்துக்கிறான்."

படுத்திருந்தவன் கட்டிலை விட்டு இறங்கினான். பார்க்காமலேயே கதவுக்குப் பின்னால் கை நீட்டினான். கடப்பாரை அங்கேதான் இருந்தது.

ராத்திரி. உடைந்த பூட்டு. வந்தவன் கையில் இரும்பு. பயந்துபோன பெண்டாட்டி. எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை.

கண்ணப்பனின் கையிலிருந்து கம்பி நழுவி விழுந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். ஓடக் கால் வரவில்லை. முதுகில் அடித்தால் கொலை. அது அவனுக்கும் தெரிந்திருக்கும். தனக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரிந்திருக்கும். பெயர்ந்த பின்கதவு வழியே வானம் தெரிந்தது. கொஞ்சம் வெளுத்தால் போதும். வெளுக்கட்டும். வெளுக்கட்டும்.

வானம் இன்னும் கருப்பு.

பின்னால் கடப்பாரையின் முனை தரையில் இழுபட்டு வந்தது. நின்றது. சந்தன வாசனை கழுத்தில் பட்டது.

"அவசரப்படாத மாமா," என்றாள் இசைவாணி. எத்தனை பிரியமான குரல். "விடிய இன்னும் நேரம் கீது."

தோளில் ஒரு கை விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"டேய்," என்றது அவன் குரல். "திரும்புடா."