இரண்டாவது ஆமென்

ஜாக்குலின் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னாள். ஒரு மூச்சு கழித்து இன்னொரு ஆமென் கேட்டது.

அறையில் இருந்தது அவளும் கட்டிலில் கிடந்த கணவன் ஞானசேகரனும்தான். பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வெளியே தாராவிச் சந்தின் தகரக் கூரைகளில் மழை கொட்டிக்கொண்டிருக்க, அடுத்த தோல் பட்டறையின் நாற்றமும் காயாத விரிப்புகளின் மூத்திர வாடையும் டெட்டாலோடு கலந்து தொண்டையில் நிற்க, அந்த ஒரு சொல் மட்டும் சளி கட்டிய குரலில் அத்தனை பக்கத்தில் கேட்டது.

“நீங்களா சொன்னிய?”

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

பேச்சு வந்துவிட்டது என்றே நம்பினாள். பாவம், நம்பாமல் என்ன செய்வாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சியும் சொல்லிவிட்டாள். ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“அவசரப்படாதம்மா. கேக்கிற சத்தமெல்லாம் கர்த்தர்கிட்டருந்து வந்ததா இருக்காது. எதுக்கு ஆமென் சொல்லுதுன்னு மொதல்ல கவனி.”

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கவனித்தாள். கணவன் சுகத்துக்காக ஜெபித்தாள். இரண்டாவது ஆமென் வரவில்லை. தனக்குப் பொறுமை கேட்டாள், வரவில்லை. ஒரு சாயங்காலம் அவருடைய அண்ணன் டென்சில் வந்தார். கட்டிலருகே நின்றபடியே, “இன்னும் எத்தன நாளு இப்படி இழுத்துட்டுக் கெடப்பான்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் அங்கேயே முழங்காலிட்டாள். “ஆண்டவரே, அந்த மனுசனும் ஒருநாள் இப்படிக் கெடக்கட்டும்” என்று ஜெபித்தாள்.

ஆமென். உடனே. ஆசையாக.

மறுநாள் டென்சில் சயான் ஸ்டேஷன் பக்கம் ஓடும் லோக்கல் ரயிலிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்றார்கள்.

அதன்பின் ஜெபிக்கவே பயந்தாள். ஆனால் ஜெபிக்காமல் பொழுதைக் கழிக்க அவளுக்குத் தெரியாது. ஒரு மாலை, அப்போதுதான் விரித்த துணியையும் ஞானசேகரன் நனைத்துவிட்டார். அவரைப் புரட்டினாள், துடைத்தாள், மாற்றினாள். முழங்காலிட்டுக் கண்ணை மூடினாள். எத்தனையோ நாளாய் மனசுக்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“போதும் ஆண்டவரே. இவர எடுத்து—”

ஆமென்.

அவள் முடிக்கவில்லை. அதற்குள்.

“இல்ல! இல்ல ஆண்டவரே! எனக்கு இவரு வேணும். இயேசுவின் நாமத்தினால கேக்கேன், இவரு வேணும்!”

ஆமென் வரவில்லை. மழை மட்டும். பட்டறை மெஷினும் நின்றிருந்தது. போதகர் சொன்னபடி எதற்கு என்று கவனித்திருந்தாள். எங்கிருந்து என்று கவனிக்கவே இல்லை.

கண்ணைத் திறந்தாள்.

ஞானசேகரன் சுவரோடு ஒடுங்கியிருந்தார். விளங்காத காலையும் இழுத்துக்கொண்டு. இடது கை போர்வையை மூக்குவரை ஏற்றியிருந்தது. பார்வை அவள் வாயில். இத்தனை நாளும் அங்கேதான் பார்த்திருக்கிறார். அவள் அதை நன்றி என்று நினைத்திருந்தாள்.

பீரோ கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். பல்லைக் கடித்தாள். எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை, எதுவும் நினைக்கவில்லை.

உள்ளங்கைக்குள் உதடுகள் மெல்லப் பிரிந்தன.

ஆமென்.

கண்ணாடியில், அவளுக்குப் பின்னால், போர்வையைப் பிடித்திருந்த கை தளர்ந்து கட்டிலுக்கு வெளியே தொங்கியது.