முதல் லோடு நண்டுதான்

மாஹிராவுக்கு வாய் கொஞ்சம் அவசரம். அவள் யோசித்து முடிப்பதற்குள் அது பேசி முடித்துவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது.

பழவேற்காட்டில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்தில், விளையாட்டு ஆசிரியை விக்டோரியா மிஸ் மூன்று பேரை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பிரேமா, ஜபீன், ஹேமநாத். மூன்று பேர் கையிலும் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள். மேட்டிலும் கல்லிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள்கள் அவை. கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஒரு கம்பெனி பள்ளிக்கூடத்துக்குச் சும்மா கொடுத்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டை பக்கம், மலையடிவாரத்துல போட்டி. நாம இருக்கிறது கடலோரம். அது மாவட்டத்தோட அந்தக் கோடி. சைக்கிளை எப்படிக் கொண்டு போறதுன்னே தெரியல. மறுபடியும் பஸ் மேல ஏத்த எனக்குத் தைரியம் இல்ல" என்றார் மிஸ்.

எல்லோரும் பிரேமாவைப் பார்த்தார்கள். பிரேமா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள்.

போன வருடம் பஸ் கூரையில் கட்டித்தான் கொண்டு போனார்கள். இறக்கிப் பார்த்தால் பிரேமாவின் சைக்கிளில் முன்சக்கரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது. பாவம், வருடம் முழுக்க ஏரிக்கரை மணலில் மூச்சு வாங்க ஓட்டிப் பழகியவள், போட்டி அன்று ஓரமாக நின்று மற்றவர்களுக்குக் கைதட்டினாள்.

"அப்போ இந்த வருஷமும் இல்லையா மிஸ்?" என்று ஹேமநாத் கேட்டான்.

மிஸ் வாயைத் திறப்பதற்குள், வேலி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாஹிராவின் வாய்தான் பதில் சொன்னது.

"எங்க வாப்பா நாளைக்கு வண்டி வாங்கப் போறாரு மிஸ்! பிக்கப் வண்டி! அதுல எல்லாரையும் கூட்டிக்கினு போவாரு!"

"நிஜமாவா? வாப்பாகிட்ட கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன் மிஸ்!"

கேட்கவே இல்லை. அட, வாப்பாவுக்கு அப்படி ஒரு போட்டி இருப்பதே தெரியாது!

பிரேமா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று இரவு சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்றுதான் மாஹிரா உட்கார்ந்தாள். ஆனால் அவள் வாப்பா மொய்னுதீன் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை, மிதந்துகொண்டிருந்தார். அவர் நண்டு வியாபாரி. ஏரியில் பிடிக்கும் நண்டுகளைப் படகுக்காரர்களிடம் வாங்கி வெளியூருக்கு அனுப்புவார். இத்தனை வருடமாக யாரோ ஒருவர் வண்டியில் தன் கூடைகளுக்கு இடம் கேட்டுக்கேட்டு அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில நம்ம வண்டியில முதல் லோடு ஏத்தறேன் ஆபிதா. முதல் லோடு நண்டுதான். அதை மனசுல நினைச்சுக்கினுதான் இத்தனை நாளா இருக்கேன்" என்றார் மாஹிராவின் உம்மாவிடம்.

மாஹிரா சொல்ல வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. வாப்பாவும் மாஹிராவும் கவரைப்பேட்டைக்குப் போனார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய வண்டிகள் விற்கும் இடம். புரோக்கர் ஆதிகேசவன் இரண்டு வண்டிகளைக் காட்டினார்.

ஒன்று நீல வண்டி. முன்னால் டிரைவரோடு இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி நல்ல நீளம்.

இன்னொன்று வெள்ளை வண்டி. நாலு கதவு. முன்னால் ஒரு சீட்டு வரிசை, பின்னால் ஒரு சீட்டு வரிசை. ஆனால் தொட்டி குட்டை.

"ரெண்டும் 2004 மாடல். இன்ஜின் தங்கம். உங்களுக்கு எது பாய்?" என்றார் ஆதிகேசவன்.

வாப்பா வெள்ளை வண்டியின் பின் சீட்டுக் கதவைத் திறந்து சீட்டைத் தட்டிப் பார்த்தார். "இது போதும். நண்டுக் கூடைக்கு இந்தத் தொட்டி தாராளம். என் பொண்ணு ரெண்டு மாசமா உயிரை வாங்குது, உம்மாவும் நானும் பின் சீட்டுல உக்காந்து போவணும்னு. மொபெட்டுல மழையில நனைஞ்சுக்கினே போயி என் ஊட்டுக்காரிக்கும் முட்டி வலி."

ஆமாம். ரெண்டு மாதமாகக் கேட்டு நச்சரித்தது மாஹிராதான். இப்போது அவள் தொட்டியைப் பார்த்தாள். திடீரென்று அதில் ஏறி மல்லாந்து படுத்தாள். தலைக்கு மேல் கையை நீட்டினாள். விரல் முட்டியது.

"இன்னா புள்ள, இப்பவே தூங்கிப் பாக்கறியா?" என்று சிரித்தார் ஆதிகேசவன்.

மாஹிரா தூங்கவில்லை, அளந்துகொண்டிருந்தாள். இதில் சைக்கிள் எப்படி நிற்கும்? அப்படியானால் நீல வண்டியா? அதில் சைக்கிள் எல்லாம் சொகுசாகப் போகும். ஆனால் ஓட்டுகிற பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? தொட்டியில் ஆளை ஏற்ற வாப்பா செத்தாலும் சம்மதிக்க மாட்டார். வெள்ளையில் பிள்ளைகள் போகலாம், சைக்கிள் போகாது. நீலத்தில் சைக்கிள் போகலாம், பிள்ளைகள் போக முடியாது.

படுத்தபடியே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏய், இன்னாச்சு? ஏம்மா அழுவறே?" வாப்பா பதறிப்போய்த் தூக்கினார்.

மாஹிரா எல்லாவற்றையும் கொட்டினாள். போட்டி, பஸ், அப்பளச் சக்கரம், பிரேமா கட்டிக்கொண்டது, அவள் சொன்ன பொய், எல்லாம்.

வாப்பாவின் முகம் சிவந்தது. "என்னைக் கேக்காம என் வண்டிக்கு நீ லோடு பேசிட்டியா? அதுவும் முதல் லோடு!"

"பிரேமா போன வருஷம் போட்டி முழுக்க நின்னு கைதட்டினா வாப்பா."

வாப்பா வெள்ளை வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரை உதைத்தார். பிரேமாவின் அப்பா முனிகிருஷ்ணன்தான் அவருக்குத் தினமும் நண்டு கொண்டுவருபவர். அந்தப் பிள்ளையைச் சின்னதிலிருந்து அவருக்குத் தெரியும்.

"சரி. ஒரே ஒரு பேச்சுதான். மூணு சைக்கிளும் இந்தத் தொட்டியில ஏறணும். தொட்டியோட பின்கதவு மூடணும். கதவைத் தொங்கவிட்டுக்கினு நான் ஹைவேல போவ மாட்டேன். ஒண்ணுத்துக்கும் கீறல் விழக்கூடாது. ஏறிச்சுன்னா போலாம். ஏறலைன்னா நண்டு."

மாஹிரா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சாயங்காலம் வெள்ளை வண்டி பள்ளிக்கூட மைதானத்துக்குள் வந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துபோனது.

சைக்கிளை ஏற்றத் தொடங்கியதும் கத்தல் அடங்கிவிட்டது.

படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஒன்று சரியாகப் படுத்தது. அதன்மேல் இரண்டாவதை வைத்ததும் பெடல் போய்ச் சக்கரக் கம்பிக்குள் மாட்டியது. மூன்றாவதற்கு இடமே இல்லை. நிற்கவைத்துப் பார்த்தார்கள். நீளம் போதாமல் பின்கதவு மூடவில்லை. குறுக்கே வைத்தார்கள். ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் சண்டை போட்டன. ஹேமநாத் நடுவில் சிக்கி, "ஐயோ, என்னை எடுங்க!" என்றான்.

"ரெண்டுதான் ஏறும் போல" என்று விக்டோரியா மிஸ் பெருமூச்சு விட்டார். "மூணுல யார் நிக்கிறது? எனக்கு அதைச் சொல்ல வாய் வரலியே."

பிரேமா தன் சைக்கிளை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

"நான் நிக்கிறேன் மிஸ். எனக்குப் பழக்கம்தான். போன வருஷமே நல்லாக் கைதட்டக் கத்துக்கினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் மாஹிராவால் முடியவில்லை. கோபமாக வந்தது. தொட்டிமேல் கோபம், ஹேண்டில்பார்மேல் கோபம். அது கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, பக்கத்தில் யாரையும் விடாமல்... அடங்காத நண்டு மாதிரி!

நண்டு!

"வாப்பா!" என்று அவள் கத்தினாள். "கொடுக்கு கட்டாத நண்டை நீங்க கூடையில போடுவீங்களா?"

"எவனாவது போடுவானா? நாலு போற இடத்துல ஒண்ணுதான் போவும். அதுவும் பக்கத்து நண்டோட காலை உடைச்சு வைக்கும்."

"அப்போ நாம இப்ப இன்னா பண்ணிக்கினு இருக்கோம்? கொடுக்கு மடக்காமலே ஏத்திக்கினு இருக்கோம்!"

வாப்பா மைதானத்தைவிட்டு வேகமாக நடந்தார். திரும்பி வரும்போது கையில் ஒரு கட்டு ஈரச் சாக்கும், நண்டு கட்டும் சணல் கயிறும் இருந்தன.

மாஹிரா முதலில் பின்கதவை மூடச் சொன்னாள். "மூடிட்டா எப்படி ஏத்தறது?" என்றாள் ஜபீன். "பாரேன்" என்றாள் மாஹிரா.

மூடிய கதவின்மேல் சாக்கை மடித்துப் போட்டாள். சைக்கிளைத் தூக்கி, பின்சக்கரத்தைத் தொட்டிக்குள் நிற்கவைத்தார்கள். முன்சக்கரம் கதவைத் தாண்டி வெளியே தொங்கியது. இப்போது ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரே திருப்பு! வெளியே தொங்கிய சக்கரம் கதவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. ஹேண்டில்பார் சைக்கிளின் உடம்போடு உடம்பாக மடங்கிக்கொண்டது.

"கொடுக்கு மடங்கிடுச்சு!" என்று கைகொட்டினான் ஹேமநாத்.

பக்கத்தில் இரண்டாவது. நடுவில் ஈரச் சாக்கு. பக்கத்தில் மூன்றாவது. மாஹிரா ஒவ்வொன்றின் ஹேண்டில்பாரையும் வாப்பா நண்டுக் கொடுக்கைக் கட்டுவதுபோலவே குறுக்கே இரண்டு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். கயிற்று நுனியைத் தொட்டியின் கம்பியில் இழுத்துக் கட்டினாள்.

"கட்டினது போதுமா?" என்று மிஸ் கேட்டார்.

"இருங்க மிஸ். குலுக்கிப் பாக்கணும்" என்றார் வாப்பா. நண்டுக் கூடையை அனுப்புவதற்கு முன்னால் அவர் எப்போதும் ஒருமுறை குலுக்கிப் பார்ப்பார். உள்ளே சத்தம் வந்தால் கட்டு சரியில்லை என்று அர்த்தம். இப்போது அவர் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தம் பிடித்துக் குலுக்கினார். வண்டிதான் ஆடியது. சைக்கிள் எதுவும் மூச்சுக்கூட விடவில்லை.

வாப்பா கையைத் தட்டித் தூசி விட்டார். செல்போனை எடுத்தார். "சஹாபுதீன் அண்ணே, நாளைக்கும் என் நண்டுக் கூடையை உங்க வண்டியில போட்டுக்கோங்க. ஆமா, வண்டி வாங்கிட்டேன். ஆமா, நல்ல வண்டிதான். இல்ல, அதுல வேற லோடு இருக்கு."

பிரேமா இந்த முறை மாஹிராவைக் கட்டிக்கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே, "பிஸ்மில்லா" என்று சொல்லி வாப்பா வண்டியைக் கிளப்பினார். முன்னால் மிஸ். பின்னால் பிள்ளைகள் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் நாலு தலையும் சேர்ந்து திரும்பிப் பார்த்தன. "முன்னாடி பாருங்கம்மா, உங்களைப் பாத்தா எனக்குத்தான் பயமா இருக்கு!" என்றார் வாப்பா. திருத்தணிக்குப் பக்கத்தில் காலை நாஷ்டாவுக்கு நிறுத்தியபோது அவரே முதல் ஆளாக இறங்கி ஓடிப்போய்க் கட்டைத் தொட்டுப் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஹேமநாத் மட்டும் கொஞ்சம் சிரித்தான்.

மலையடிவாரத்தில் சைக்கிள்களை இறக்கினார்கள். பிரேமா தன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டாள். அது நேராக, சத்தமில்லாமல், ரொம்ப நேரம் சுற்றியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டியில் பிரேமா நாலாவதாக வந்தாள். காது வரைக்கும் சேறு. பல் மட்டும்தான் வெள்ளை.

"நாலாவதுடி! மாஹிரா, நாலாவது!" என்று அவள் குதித்த குதியைப் பார்த்து, பரிசு வாங்கியவர்களே இவளுக்கு என்ன பரிசு என்று திரும்பிப் பார்த்தார்கள். மாஹிராவுக்குக் கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது.

அவர்கள் பழவேற்காட்டுக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள்களை இறக்கிவிட்டு வந்தால், படகுத்துறையில் முனிகிருஷ்ணன் காத்துக்கொண்டிருந்தார். புது வண்டியை முன்னும் பின்னும் பார்த்தார். பின் சீட்டில் மகள் சேற்றோடு தூங்குவதை அவர் இன்னும் கவனிக்கவில்லை.

"பாய், வண்டி சோக்கா இருக்குது! முதல் லோடு இன்னா ஏத்தினே?"

"வேற இன்னா, நண்டுதான்" என்றார் வாப்பா.

"எவ்வளவு?"

"மூணே மூணு." வாப்பா மாஹிராவைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆனா முனி, ஒவ்வொண்ணுக்கும் கொடுக்கு இம்மாம் நீளம்! நம்ம ஊருலேயே அதைக் கட்டத் தெரிஞ்சவ இவ ஒருத்திதான்."