கிழிக்காமல் விட்ட தாள்

காலை 9.10. மேசை இழுப்பறை திறந்து கிடந்தது. நோட்டில் முதல் இரண்டு தாள்களைக் காணோம்.

பதினொரு மணிக்குப் பதவி உயர்வு நேர்காணல். எண் கோட்பாட்டு ஆசிரியை ஆறு வருடம் உழைத்துக் கண்ட நிரூபணம் அந்த நோட்டில்தான் இருந்தது. மாலையில் அவர் தத்துவமும் படிப்பவர். இரண்டிலும் கால் வைக்கிறார் என்று துறைத் தலைவர் வைத்த பெயர், 'ரெட்டைத் தோணி'.

கல்லூரி நூலகர் வந்தார். புத்தகத் திருடர்களை முப்பது வருடம் பிடித்துப் பழகிய கண்.

"சாவி வேற யார்கிட்ட?"

"பக்கத்து மேசைக்காரர்கிட்ட. துறைத் தலைவர்கிட்ட."

மூன்றாம் தாளின் தலைப்பு 'தத்துவம்'. நூலகர் நின்றபடியே படித்தார். இரண்டு முறை.

"இதை மட்டும் ஏன் விட்டான்?"

"தத்துவத்தை யாரு மேடம் திருடுவா?"

10.20. தலைவரின் அறை. மேசைமேல் அதே நிரூபணம். எட்டு மணிக்கே பக்கத்து மேசைக்காரர் தன் கையெழுத்தில், தன் பெயரில் கொடுத்தது. அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"தோணி கவுந்துடுச்சு பாத்தியா? இவர் முந்திட்டார். தத்துவத்தை விடும்மான்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்," என்றார் தலைவர்.

"விடமாட்டேன் சார்," என்றார் ஆசிரியை.

நூலகர் பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார். "எல்லாம் சொந்தச் சரக்கா தம்பி?"

"ஒவ்வொரு வரியும்!"

"மூணாவது படியும்?"

"அதுதாங்க உயிர்நாடி. அந்த விதி எல்லா எண்ணுக்கும் பொருந்தும்."

"எண்ணூத்தியேழைப் போட்டுக் காட்டுங்க."

சாக்பீஸ் கரும்பலகையில் ஓடியது. நின்றது. அழித்துவிட்டு மறுபடி ஓடியது. அதே இடத்தில் நின்றது.

"பொருந்தலையே!" தலைவர் எழுந்துவிட்டார்.

நூலகர் நோட்டை விரித்து வாசித்தார்: "'மூன்றாம் படியில் சொன்னது எதிராளியின் வாதம். எண்ணூற்று ஏழில் அது உடைகிறது. சரியான படி இனி.' தத்துவம் படிக்கிறவங்க எதிராளி கட்சியைத் தன் கட்சி மாதிரியே பலமா எழுதுவாங்க. அப்புறந்தான் இடிப்பாங்க. இடிக்கறதுக்குன்னே இவங்க கட்டின வீடு அது. நீங்க போய்ப் பால் காய்ச்சிட்டீங்க தம்பி. அடுத்த தாள்ல தலைப்பைப் பாத்ததும் குப்பைன்னு விட்டுட்டீங்க. பையைத் திறங்க."

பையில் இரண்டு தாள்கள், கிழிந்த ஓரத்தோடு.

10.58. தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு. இனிமேலாவது அந்தத் தத்துவத்தை..."

ஆசிரியை நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ரெண்டு தோணியும் என்னோடதுதான் சார். நேர்காணலுக்கு நேரமாச்சு, வழி விடுங்க."