கேட் சாத்தியாச்சு

அக்டோபர் மாத முதல் ஞாயிறு. மார்ல்வெல் கிராமத்து சர்ச் சுவரோரம் மத்தியானம் இரண்டு மணிக்குப் பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் ஏழு பேர் பிள்ளைகள். ரப்பர் பூட்ஸால் ஈரப்புல்லை உதைத்துக்கொண்டு, எப்போது கிளம்புவோம் என்று பெரியவர்களின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்புப் பலகையில் புதுத்தாள் ஒட்டியிருந்தது. குடும்ப நடை. மூன்று மைல். ஏழு கேட். சின்னப் பிள்ளைகளும் நடக்கலாம். முடிவில் பள்ளிக்கூட அறையில் டீயும் கேக்கும் உண்டு.

வில்ஃப் அந்தத் தாளைப் படிக்கவில்லை. அந்த ஏழு கேட்டையும் நட்டு நிறுத்தியவரே அவர்தான். முப்பது வருஷமாக அந்த ஊரின் வேலிகளை வெட்டி, கம்பம் நட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டு, விரல்களெல்லாம் முண்டும் முடிச்சுமாக ஆகிப்போயிருந்தன. ஆனால் கடைசிப் பன்னிரண்டு வருஷமாக அவர் அந்தப் பாதைக்கு வேலைக்குப் போனதோடு சரி. நடைக்குப் போனதில்லை. ஊரும் போனதில்லை. நடையே நின்றுபோயிருந்தது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால்தான் மறுபடி ஆரம்பித்திருந்தார்கள்.

நடைக்கு ஏற்பாடு செய்த மிஸஸ் டன்ஸ்டன் ஒரு சிவப்பு மஃப்ளரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"புதுசா பின்னினேன் வில்ஃப். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

"குடுங்க."

கடைசியாக வருகிறவரை அங்கே வால் என்பார்கள். வாலுக்குத்தான் சிவப்பு மஃப்ளர். ஒவ்வொரு கேட்டிலும் எல்லோரையும் முன்னால் விட்டு, தான் கடைசியாக நுழைந்து, ஆடு தப்பிப் போகாமல் கொக்கியை மாட்டி, 'கேட் சாத்தியாச்சு!' என்று குரல் கொடுக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முன்னால் போகிறவர் நகர்வார். மேடும் பள்ளமும் உயர்ந்த வேலியுமான பாதை. முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. குரலை நம்பித்தான் நடப்பார்கள்.

முன்னால் நிற்கிற சிரில் தன் கைத்தடியைத் தூக்கிக் காட்டினார். ஆட்டுப்பண்ணைக்காரர், வாய் சும்மா இருக்காது.

"ஏய் வில்ஃப், வாலுக்கு வயசாயிடுச்சு. எங்கயாவது அறுந்து விழுந்துடாம வந்து சேரு!"

எல்லோரும் சிரித்தார்கள். வில்ஃபும் சிரிப்பது போல் உதட்டை அசைத்தார். அன்று காலையில் அவருடைய பூட்ஸ் கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டபடி மனைவி ஜோன் சொன்னது காதிலேயே நின்றது.

"அன்னிக்கு அவளுக்குப் பின்னால யாருமே இல்ல வில்ஃப். இன்னிக்கு நீ கடைசியா வா. ஒரு புள்ளகூட உனக்குப் பின்னால இருக்கக் கூடாது. ஏழு பேரையும் என் டீ மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்துடு."

முதல் கேட்டில் அவரே எண்ணினார், ஏழு. கொக்கியை மாட்டிவிட்டுக் குரல் கொடுத்தார்.

இரண்டாவது கேட்டுக்கு வருவதற்குள் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவிட்டது. ஈர ஆட்டுமயிர் நாற்றமும் அழுகிய இலை நாற்றமும் கலந்து மூக்கில் அப்பின. முன்னால் போகிறவர்களின் பேச்சு மட்டும் வந்தது, ஆட்கள் தெரியவில்லை. வில்ஃப் கொக்கியை மாட்டினார். குரல் கொடுக்க வாயைத் திறந்தார்.

"கேட் சாத்தியாச்சு!"

அவர் சொல்லவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. சின்னக் குரல். கடைசி எழுத்தைப் பெருமையோடு இழுக்கிற குரல்.

"சரி, நகருங்க!" என்று முன்னால் சிரில் கத்தினார். யாரும் எதையும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

வில்ஃபின் கை கொக்கியிலேயே உறைந்து கிடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே இடத்தில்தான் மகள் ஹேசல் கால்களை உதைத்து அடம்பிடித்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயசு.

"எனக்குத்தான் வால் வேணும்ப்பா. கையைப் புடிச்சுக்கிட்டு நடக்க நான் என்ன கைக்குழந்தையா?"

அவர் தன் சிவப்பு மஃப்ளரைக் கழற்றி அவள் கழுத்தில் இரட்டை முடிச்சாகப் போட்டார். "சரி, நீதான் வால். நீ குரல் குடுத்தா போதும். நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். அவ்வளவு நம்பிக்கை உன்மேல."

"நிஜமா திரும்பிப் பார்க்க மாட்டியே?"

"சத்தியமா."

சத்தியத்தைக் காப்பாற்றினார். ஐந்தாவது கேட்டில் குரல் வந்தது. ஆறாவதிலும் வந்தது. ஏழாவதிலும் வந்தது. பள்ளிக்கூட அறையில் டீயை ஊற்றிவிட்டுத் திரும்பினால் வாசலில் யாரும் இல்லை. விளக்கெடுத்துக்கொண்டு தேடியபோது, நாலாவது கேட்டுக்கும் ஐந்தாவது கேட்டுக்கும் நடுவில் பலகைப் பாலத்தடியில், ஓடைக்குள் கிடந்தாள். தண்ணீருக்குள் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார் டாக்டர். நாலாவது கேட் தாண்டியதுமே போயிருக்கிறாள்.

அப்படியானால் ஐந்திலும் ஆறிலும் ஏழிலும் கூப்பிட்டது யார்?

அந்தக் கேள்வியை மார்ல்வெல்லில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மஃப்ளர் கிடைக்கவேயில்லை.

"ஹேசல்?" என்றார் வில்ஃப், உதடு மட்டும் அசைய.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் ஒரு பக்கம். திரும்பினால் அந்தக் குரல் இல்லாமல் போய்விடும் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மூன்றாவது கேட்டிலும் அவள்தான் கூப்பிட்டாள். ஈரத்தில் மிதிக்கிற சின்னக் காலடி அவர் பின்னாலேயே வந்தது. சளக், சளக். அவர் நின்றால் அதுவும் நின்றது. நாலாவது கேட்டை அவர் மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாகச் சாத்தினார். பசித்தவன் சாப்பாட்டுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

"கேட் சாத்தியாச்சு!"

அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வழியட்டும் என்று விட்டுவிட்டு நடந்தார். பலகைப் பாலம் காலடியில் முனகியது. ஓடை எங்கோ கீழே இரைந்தது. காது முழுக்கப் பின்னால் இருந்தது. கண் எங்கேயுமே இல்லை.

ஐந்தாவது கேட். கொக்கியை மாட்டினார். காத்திருந்தார்.

குரல் வரவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

சளக் சத்தமும் இல்லை.

"என்ன வால், தூங்கிட்டியா?" சிரிலின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது.

முதல் கேட்டுக்குப் பிறகு வில்ஃப் பிள்ளைகளை எண்ணவேயில்லை.

"புள்ளைங்கள எண்ணுங்க!" என்று அலறினார். "உடனே எண்ணுங்க!"

ஆறு.

"ஐவி எங்க?" தோளில் சின்னவனைச் சுமந்துகொண்டு கேரத் ஓடிவந்தான். போன வருஷம்தான் ஊருக்கு வந்தவன். முகம் வெளுத்திருந்தது. "ப்ளாக்பெரி பறிக்கணும்னு நின்னா. பின்னால நீங்க இருக்கீங்களேன்னுதான் நான் திரும்பிக்கூடப் பார்க்கல..."

வில்ஃப் திரும்பினார்.

பின்னால் வெள்ளைப் பனி மட்டும்தான் இருந்தது. கொக்கியைத் தட்டிவிட்டு அதற்குள் ஓடினார். அறுபத்திரண்டு வயசு முழங்கால் ஓடக்கூடிய ஓட்டம் இல்லை அது. பாலத்துக்கு வந்து, முட்செடியைக் கையால் விலக்கி, கரையில் சறுக்கி இறங்கினார்.

ஓடை விளிம்பில் ஐவி நின்றிருந்தாள். ஐந்து வயசு. ஒரு பூட்ஸ் சேற்றில் புதைந்திருந்தது. உடம்பு முழுக்கத் தண்ணீர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்த பிள்ளை விழாமல் நிற்க முடியாது.

ஆனால் விழவில்லை.

அவளுடைய இடது கை கரைப்பக்கம் நீண்டு, விறைத்து நின்றது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

வில்ஃப் அவளை இடுப்போடு வாரி எடுத்தார். அந்த ஒரு கை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது. மணிக்கட்டில் நாலு சின்ன விரல் பதிந்த வெள்ளைத் தடம்.

"ஏம்மா கூப்பிடல? கத்தியிருக்கலாமே?"

"அந்த அக்கா கத்தாதேன்னா." ஐவி அவர் காதோரம் கிசுகிசுத்தாள். "நான் கூப்பிடாம இருக்கேன், அப்பத்தான் எங்கப்பா வருவார்னு சொன்னா."

"வேற... வேற என்ன சொன்னா?"

ஐவி யோசித்தாள்.

"அன்னிக்கும் கூப்பிடாம இருந்திருந்தா அப்பா திரும்பிப் பார்த்திருப்பாரான்னு என்னைக் கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்."

வில்ஃப் அந்தச் சேற்றிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். கேரத் வந்து குழந்தையை வாங்கிக்கொண்டதும், யாரோ அவர் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டதும் அவருக்குத் தெரியாது. ஐந்தாவது கேட்டில் எல்லோரும் போன பிறகும் அதைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஆடுகள் ஓரமாக ஒதுங்கி, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"வாம்மா," என்றார். "நீ முன்னால போ. இன்னிக்கு அப்பாதான் வால்."

புறங்கையை ஒரு குளிர் தொட்டுவிட்டுப் போனது. கேட்டைச் சாத்தினார். குரல் கொடுத்தார்.

பள்ளிக்கூட அறை வாசலில் டீக்கெண்டியோடு நின்ற ஜோன், தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழு. பிறகு வில்ஃபின் முகத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது சாயங்காலமாகியிருந்தது. வில்ஃப் தோட்டத்துக் கேட்டை முதல் தடவையாகத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். ஐவி சொன்ன கடைசி வார்த்தையையும் மறைக்கவில்லை. ஜோன் அழவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும் வரை அவர் கையைப் பிடித்திருந்தாள்.

வெளியே கொக்கி விழுந்தது.

க்ளிக்.

இருவரும் எழுந்து போனார்கள். கேட் சாத்தியிருந்தது. அதன் கம்பத்தில் ஒரு சிவப்பு மஃப்ளர் தொங்கியது. ஓடைச்சேறு நாறியது, நீர் சொட்டியது. நைந்துபோயிருந்தது. ஆனால் ஒரு சின்னக் கழுத்துக்கான வளையமும், வில்ஃப் போட்ட இரட்டை முடிச்சும் அவிழாமல் அப்படியே இருந்தன.

மறுநாள் சாயங்காலமும் கொக்கி விழுந்தது. அதற்கு மறுநாளும். திறந்து வைத்துவிட்டு வருவார், யாரோ சாத்துவார்கள். குரல் மட்டும் வருவதில்லை.

இனிமேல் அவள் குரல் கொடுக்க மாட்டாள். கொடுக்காமல் இருந்தால்தான் அப்பா வருவார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கொக்கி விழுந்ததும் வில்ஃப் எழுந்து போகிறார்.