சும்மா வந்தவள்

காலை ஏழரை மணிக்குக் கதவு வழக்கம்போலக் கேட்டது: "நறுமுகை, இன்று எங்கே?"

புதுத்துறை மாநகரத்தில் பதினாறு வயதிலிருந்து இருபத்துநாலு வரை உள்ள எல்லோரையும் அவரவர் வீட்டு நாட்கதவு தினமும் இப்படிக் கேட்கும். பள்ளி, கல்லூரி, வேலை என்று எதைச் சொன்னாலும் நிலைக்கு மேலே பச்சை விளக்கு எரியும். பதில் இல்லாவிட்டால் மஞ்சள். நறுமுகையின் வீட்டில் இருபத்தாறு மாதங்களாக மஞ்சள்தான். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி நடப்பார்கள். அதற்கு நேராகவே திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"வேலைக்கு" என்றாள் நறுமுகை. பச்சை எரிந்தது. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, விளக்குக்குத் திருஷ்டி சுற்றாத குறையாக நின்று பார்த்தாள்.

"எல்லாம் அந்த ரோஸ்லின் புண்ணியம்டி. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்."

பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்தபோது நறுமுகை ஒரு பரீட்சையில் தவறினாள். ஒரு நாள் போகவில்லை, ஒரு வாரம் போகவில்லை, அப்புறம் போவதற்கு முகம் இல்லை. இணைப்பகம் என்ற மாநகராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது, ஆலோசகர் வந்தார், முகாமுக்கு அழைத்துப்போக வண்டிகூட வந்தது. அவள் தாழ்ப்பாளைத் தொடவே இல்லை. பதினைந்து மாதம் கழித்து, ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு ரோஸ்லின் வந்தாள். பின்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவளாம். இரண்டு வயது மூத்தவள். கையில் உப்பு நெல்லிக்காய்ப் பொட்டலம். என்ன வேணும் என்று நறுமுகை ஜன்னல் வழியாகக் கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம். சும்மாதான் வந்தேன்" என்றாள்.

அத்தனை மாதத்தில் சும்மா வந்த ஒரே ஆள் அவள்தான். நறுமுகை கதவைத் திறந்துவிட்டாள்.

அதன்பிறகு ரோஸ்லின் வருவாள், தரையில் காலை நீட்டி உட்காருவாள், தன் அண்ணனைத் திட்டுவாள், பேச்சின் பாதியில் தூங்கிப்போவாள். ஒரு வார்த்தை புத்திமதி கிடையாது. அம்மாவுக்குக்கூடத் தெரியாத விஷயத்தை நறுமுகை அவளிடம்தான் சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரியில் உயிரை விட்ட அந்த மத்தியானம், பரீட்சை முடிவோடு வீட்டுக்கு வரப் பயந்து, போனை அணைத்துவிட்டு ஒரு சினிமா தியேட்டரில் ஒளிந்திருந்தாள். சொல்லி அழுதபோது ரோஸ்லினும் சேர்ந்து அழுதாள். இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். "மனுஷங்களோட பழகுற வேலைடி. உனக்கு வரும்."

இணைப்பகத்தின் வகுப்பறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பயிற்சி அதிகாரி தாமோதரன் தமாஷான மனிதர்.

"முகாம் போட்டோம், உதவித்தொகை குடுத்தோம், டாக்டரை அனுப்பினோம். மஞ்சள் கதவு திறக்கல. ஏன்? போனவங்க எல்லாரும் ஒரு காரணத்தோட போனாங்க. காரணமே இல்லாம வர்ற ஆளுக்குத்தான் அவங்க திறக்குறாங்க. அந்த ஆளுக்கு நாங்க வெச்சிருக்கிற பேரு உற்றார். இனிமே அது நீங்கதான். மாநகராட்சி ஊழியர்னு மூச்சு விடக்கூடாது. சரி, கையேட்டுல முதல் வாக்கியம், எல்லாரும் சேர்ந்து வாசிங்க பாப்போம்."

மேசைத்திரையில் கையேடு விரிந்தது. வகுப்பு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டு வாசித்தது: "ஒன்றும் வேண்டாம். சும்மாதான் வந்தேன்."

அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு குறிப்புகள் இருந்தன. கையில் எளிய தின்பண்டம் இருப்பது நல்லது. மழை நாள் உகந்தது.

பக்கத்திலிருந்த பெண் ஏதோ கேட்டாள், அது நறுமுகையின் மண்டையில் ஏறவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் ரோஸ்லின் மாடிப்படியில் காத்திருந்தாள். கழுத்தில் இணைப்பகத்தின் அடையாள அட்டை. பதினோரு மாதத்தில் இன்றுதான் அதை நறுமுகை பார்க்கிறாள்.

"மழைகூடவா?" என்றாள் நறுமுகை.

"வேற நாள் போலாம்னுதான் இருந்தேன். மழை பிடிச்சதும் கிளம்பச் சொல்லிட்டாங்க."

"எங்கப்பா விஷயத்தை எழுதிக் குடுத்தியா?"

ரோஸ்லின் அட்டையின் சங்கிலியைத் திருகினாள்.

"வாயைத் திறந்து சொல்லு. எழுதினியா இல்லையா?"

"எழுதணும்டி. வாராவாரம் அறிக்கை குடுக்கணும். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை நெனச்சேன், ஒப்பந்தத்துல கூடாதுன்னு இருக்கு. எனக்கும் வாய் வரல. க்ளாஸ்ல தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

"கூட உக்காந்து அழுதியே. அது?"

"அது நெஜம். நானும் மஞ்சள் விளக்குக்குக் கீழ கிடந்தவதான். என்னையும் ஒருத்தி இப்படித்தான் வெளிய கொண்டாந்தா. உள்ளதைச் சொல்லிட்டு வந்திருந்தா நீ திறந்திருப்பியா?"

திறந்திருக்க மாட்டாள். அது நறுமுகைக்கு நன்றாகவே தெரியும். அந்த நியாயம்தான் வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன், நம்பு" என்று ரோஸ்லின் அவள் கையைப் பிடித்தாள். "உனக்கான பணிக்காலம் எட்டே மாசந்தான். ஆனியோட முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் சும்மாதான் வந்தேன்."

நறுமுகை கையை உதறிக்கொண்டாள். ஆனால் அந்த மூன்று மாதத்தை மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. உப்பு நெல்லிக்காய் போகட்டும், மழை போகட்டும், கடைசி மூன்று மாதமாவது தனக்கே தனக்கென்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மறுபடி வகுப்புக்குப் போனாள். மாலையில் தாமோதரன் கடைசி அத்தியாயத்தை நடத்தினார். 'பயனாளி உண்மை அறிந்து வருந்தினால் கூற வேண்டியது: உனக்கான பணிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சும்மாதான் வந்தேன்.'

ரோஸ்லின் உண்மையைத்தான் சொன்னாளோ என்னவோ. கையேட்டில் இருப்பதாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் இனி அதைத் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. பாவிகள், உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு வாக்கியத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அன்றைக்கே வேலையை விட்டிருப்பாள். பச்சை விளக்கைப் பார்த்து நின்ற அம்மாவின் முகம் அவளை விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளை ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். தமயந்தி, வயது பதினெட்டு, பதினாலு மாதமாக மஞ்சள். நறுமுகையின் மணிக்கட்டில் இருந்த கைப்பட்டை முதல் வாக்கியத்தைக் கேட்டுப் பதிவுசெய்யக் காத்திருந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். "யாரு? என்ன வேணும்?"

"எம்பேரு நறுமுகை. மாநகராட்சியிலேர்ந்து அனுப்பியிருக்காங்க. உன்கூடப் பழகுறதுதான் என் வேலை. நீ பேசுறதெல்லாம் நான் எழுதிக் குடுக்கணும். அதனால எங்கிட்ட எதையும் சொல்லிடாதே."

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. கைப்பட்டை தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தது: "விதி மீறல். பணி ரத்து. உடனே திரும்பவும்." நறுமுகை அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நாளைக் காலை வீட்டில் மஞ்சள் எரியும். அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. எழுந்து போகத் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தது.

"இன்னும் போகலையா? வேலைதான் போயிடுச்சே. இப்ப எதுக்கு இங்க உக்காந்திருக்கே?"

அதற்குச் சரியான பதில் ஒரே ஒரு சொல்தான். அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்றைக்கு அது சத்தியமும்கூட. ஆனால் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியல" என்று பொய் சொன்னாள்.