தாங்குநீர்

தாங்குநீரில் இறங்கிவிட்டால் அம்மாவுக்கு யாருடைய கையும் வேண்டாம். வீட்டில் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்ப நானும் அப்பாவும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். நடைப்பயிற்சி நிலையத்தின் குளத்திலோ இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தானாகவே நடந்தாள். பார்க்கச் சாதாரணத் தண்ணீர்தான். ஆனால் அதில் கலந்திருக்கும் நுண்மணிகள் தேவையான இடத்தில் இறுகும். முழங்கால் மடங்கப்போனால் முழங்காலைத் தாங்கும், இடுப்பு சாய்ந்தால் இடுப்பைத் தாங்கும்.

எப்போது இறுக வேண்டும் என்று அதற்குச் சொல்வது நான். வாயால் அல்ல. கனத்த உடம்புக்காரர்கள் வெட்கப்பட்டு வலியை மறைத்துவிடுகிறார்களாம். அம்மாவும் அப்படித்தான், கால் பிசகினாலும் "ஒண்ணுமில்லட்டி" என்பாள். அதனால் கரையில் உட்காரும் வீட்டு ஆளின் கையில் துணைப்பட்டை கட்டுவார்கள். நம் நெஞ்சு படபடத்தால் நீர் இறுகும். அம்மாவின் கால் பலப்படப் பலப்பட நம் பயம் குறையும். நீரும் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். தரையில் சுமக்க வேண்டிய எடையைக் கால் நீரிலேயே சுமக்கப் பழகும். பிறகு வெளியே வந்து நடக்கலாம். அப்படித்தான் சொன்னார்கள்.

என் பயம் குறையவே இல்லை. போன வருஷம் அம்மா குளியலறையில் விழுந்தபோது தெருவே வந்து தூக்கியது. ஈரப் பாவாடையோடு அவளை வெளியே கொண்டுவரும்போது யாரோ செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அவள் ஓர் அடி வைத்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எனக்குக் காய்ச்சல் வந்த அன்று பயிற்சியாளர் ரூபன் அண்ணன் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டார். அம்மாவால் நிற்கக்கூட முடியவில்லையாம். காய்ச்சல் விட்டு நான் போனதும் தனியாகக் கூப்பிட்டார்.

"இத்தன நாளும் அம்மா கால் நடக்கல அனிட்டா. ஒன் பயந்தான் அவங்களத் தூக்கிட்டு நடந்திருக்கு."

அம்மாவின் கால் தசை முன்னைவிட மெலிந்திருப்பதாகவும் சொன்னார். பயப்படாமல் இரு என்றார். அதுவும் முடியாதோ என்ற பயத்தில் நீர் இன்னும் இறுகியது. அன்றைக்கு அம்மா ஏறக்குறைய ஓடினாள். மாதா சப்பரத்துக்குப் பின்னால் இந்த வருஷம் தானே நடந்து வரப்போவதாகக் கரையில் இருந்த எல்லாரிடமும் சொன்னாள்.

கடைசியில் அண்ணன் எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். பாதி பயம் அடங்கினால் பாதி எடையையாவது அம்மாவின் கால் சுமக்கும் என்று நினைத்தார். அப்பாவும் சரி என்றார். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் இறங்க மாட்டாள்.

நேற்று அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குளத்தின் நடுவில் அம்மாவின் முழங்கால் மடங்கியது. எனக்குள் பாதி பயம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. நீர் முழுக்க இளகிவிட்டது. அவள் கழுத்து முங்கியது, வாய் முங்கியது. கண்கள் என்னையே பார்த்துக்கொண்டு முங்கின. ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் குதித்து இழுத்தார்.

வீட்டில் படுக்க வைத்த பிறகு அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"முங்கும்போது ஒன் மொகத்தத்தான் பாத்தேன். நீ பயப்படவே இல்ல."

மாத்திரையைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லட்டி, விடு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி குளத்துக்கு வர மாட்டாளாம். இப்போது கட்டில் முனகுகிறது. அப்பாவையும் கூப்பிடாமல், என்னையும் கூப்பிடாமல், எழுந்திருக்கப் பார்க்கிறாள். பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். மாத்திரையின் வேகம் எப்போதோ இறங்கிவிட்டது. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது. கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருப்பது வெறும் சிமெண்டுத் தரை.