நாலாவது பிரேக்

காலை 6.10. கடலோரச் சாலையில் பேப்பர் போடும் பெரியவர் தன் சைக்கிளுக்குப் பத்தடி தள்ளிக் கிடந்தார். உயிர் இல்லை. அன்றைய செய்தித்தாள்கள் சாலை முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், தூரத்தில் ஒரு வெள்ளை வண்டி திரும்பிப் போவதைப் பார்த்திருந்தார். எண் தெரியவில்லை.

7.30. சலவைக் கடையின் வெள்ளை வேனை ஓட்டுகிறவனைப் பிடித்தார்கள். வேனின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. போன வாரம் சுவரில் இடித்தது என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

10.40. மற்ற வெள்ளை வண்டிகளையும் ஒரு முறை பார்த்துவிட, இன்ஸ்பெக்டர் கார் பட்டறைக்கு வந்தார்.

அந்தப் பட்டறையில் இரண்டே பேர். அண்ணன் வண்டிகளைப் பார்த்துக்கொள்வான். தங்கை மேஜையைப் பார்த்துக்கொள்வாள். போன், ஆர்டர், வேலை அட்டை எல்லாம் அவள் கையில். வேதியியல் படித்தவள். கேட்டால் மட்டும் பேசுவாள்.

அவள் மேஜைக்கு எதிரே பெஞ்சில் வேன்காரனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

“அண்ணா, போன வாரம் பிரேக் பாக்க வேனைக் கொண்டாந்தாரே. அப்பவே நசுங்கித்தானே இருந்துச்சு? நீங்க பாத்தீங்கல்ல? ஒரு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணா.”

“ஞாபகம் இல்லையேம்மா,” என்றான் அண்ணன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த வண்டியின் கீறலைக்கூடச் சொல்கிறவன். காலையில் அவள் வைத்த டீயும் ஆடை கட்டி அப்படியே இருந்தது. அவளுக்கு அந்த வேனின் முன்பக்கம் தெரியாது. மேஜையை விட்டு எழுந்து போய் அவள் எந்த வண்டியைப் பார்த்திருக்கிறாள்?

இன்ஸ்பெக்டர் லிஃப்ட்டில் நின்ற வெள்ளைக் காரைச் சுற்றி வந்தார். பழைய கார். பம்பரில் இடிபடாத இடம் இல்லை.

“யாரோடது?”

“ரிட்டயர்டு லைப்ரரியன் அம்மாவோடது. நேத்து சாயங்காலம் விட்டாங்க. முன் பிரேக் டிஸ்க் ரெண்டும் மாத்தச் சொன்னாங்க.”

“எப்ப மாத்தின?”

“இன்னிக்கு ஆறரைக்கு மேல.”

“வெளிய எடுத்தியா?”

“இல்ல சார்.”

“மீட்டர் என்ன சொல்லுது?”

“அது செத்து ரெண்டு வருஷம் ஆச்சு.”

“அப்ப உன் முகத்தைப் பாத்து நம்பணும்.”

தங்கை எழுந்தாள். இது அவளுக்குத் தெரிந்த விஷயம்.

“வேண்டாம் சார். டிஸ்க்கைப் பாருங்க. கடல் காத்துல சாதா இரும்பு ஒரே ராத்திரியில துரு ஏறிடும். அதுக்குத்தான் இதுல முழுக்க ஒரு பூச்சு. பிரேக் மிதிச்சா பேட் வந்து உரசுற முகத்துல மட்டும் அது நிக்காது. முதல் நாலஞ்சு பிரேக்லயே தேஞ்சு இரும்பு தெரியும். இது பாருங்க, முழுக் கருப்பு. ஒரு கீறல் இல்ல. இந்த டிஸ்க் இன்னும் ஒரு பிரேக்கூடப் பிடிக்கல.”

“சயின்ஸ்னாலே எனக்குக் காய்ச்சல் வரும். நீ சொன்னா எனக்கே புரியுதேம்மா.” இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

தங்கைக்கு லேசாகப் பெருமையாக இருந்தது. அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசல் வரை போன இன்ஸ்பெக்டர் நின்றார். “ஒண்ணுதான் இடிக்குது. ரோட்டுல நாலு டயர் தடம். ஒரே இடைவெளியில மூணு சின்னது. நாலாவது மட்டும் நீளம். காலி ரோட்டுல எவன் மூணு தடவை சும்மா பிரேக் அடிப்பான்? வேன்காரன் குடிக்கவும் இல்ல.”

தங்கையின் கண் தானாகச் சுவருக்குப் போனது. அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘புது டிஸ்க்: காலி சாலையில் பத்து முறை பிரேக் பிடித்துப் பழக்கிய பிறகே வண்டியைக் கொடுக்கவும்.’ அண்ணன் சொல்ல அவள் எழுதியது. அவன் ஒரு வண்டிக்கும் இதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஆனால் இந்த வண்டிதான் நகரவே இல்லையே. டிஸ்க் கருப்பாக இருக்கிறதே.

11.05. போன் அடித்தது. லைப்ரரியன் அம்மா. நூலகத்தில் முப்பது வருடம் அடக்கிப் பேசியதற்கெல்லாம் சேர்த்து இப்போது கத்துவார்.

“ஏம்மா, வெள்ளிக் கலர்தானே மாட்டினீங்க? அந்தக் கருப்பு வேண்டாம்னு நேத்தே சொன்னேன். சக்கர ஓட்டை வழியா பாத்தா அடுப்புக்கரி மாதிரி தெரியும்!”

குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. தங்கை போனைக் காதோடு அழுத்தினாள். பயனில்லை. வேலை அட்டை மேஜைமேல் திறந்தே கிடந்தது. அதில் அவளே எழுதியிருந்தாள்: ‘வெள்ளி.’

இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடியும் மேஜைமேல் வைத்தார்.

“ரெண்டு விதம் வாங்கினீங்களா?”

“பூச்சு ரெண்டு கலர்ல வரும். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஜோடி. வேண்டாததைத் திருப்பிக் குடுத்துடலாம்.”

“வெள்ளி எங்க?”

அண்ணன் சொன்னான்: “ஒண்ணு கோணலா இருந்துச்சு சார். காலையிலயே கடைக்குத் திருப்பி அனுப்பிட்டேன்.”

“அப்படியாம்மா?”

கடை வண்டி மதியம்தான் வரும். எதைத் திருப்புவதாக இருந்தாலும் அவள் கையெழுத்து வேண்டும். தங்கை வேலை அட்டையை மூடினாள். பெஞ்சிலிருந்து வேன்காரனின் மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, அதை விடு. பிரேக் பேட் எத்தனை செட் வந்துச்சு?”

ஏன் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. அண்ணன் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“ஒண்ணுதான் சார்.”

“கழட்டு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அண்ணன் கழட்டினான். அந்த நிலையிலும் போல்ட்டுகளை வரிசை மாறாமல் தட்டில் வைத்தான். பேடை வெளிச்சத்தில் திருப்பியதும் எல்லாருக்கும் தெரிந்தது. உரசித் தேய்ந்திருந்தது. அதன் நடுவில் இருந்த பள்ளக்கோட்டில் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது.

“டிஸ்க் கருப்பு. அது பிரேக்கே பிடிக்கலைன்னு உன் தங்கச்சியே எனக்குப் பாடம் எடுத்தா. அப்ப இந்தப் பேட் எந்த வெள்ளியைத் தேச்சுது?” இன்ஸ்பெக்டரின் குரல் உயரவில்லை. “நீ விடியறதுக்கு முன்னாடியே வெள்ளியை மாட்டிட்ட. பழக்குறதுக்குக் கடலோர ரோட்டுக்குப் போன. மூணு பிரேக் அடிச்ச. நாலாவதுல பெரியவர். திரும்பி வந்து, வண்டி நகரவே இல்லைன்னு காட்ட, பூச்சு போகாத கருப்பை மாட்டின. ஆனா மாத்துறதுக்குப் புதுப் பேட் இல்ல.”

அண்ணன் பழைய இரும்பு போடும் டிரம்முக்குப் போனான். மேலே கிடந்ததை ஒதுக்கி இரண்டு டிஸ்க்குகளைத் தூக்கினான். விளிம்பும் நடுவும் வெள்ளியாகவே இருந்தன. பேட் உரசிய வட்டம் மட்டும் ஆரஞ்சு நிறம் கண்டிருந்தது. வந்ததும் வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறான்.

“பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது சார்,” என்றான். “பின்னால யாராவது வந்தா, நான் திடீர்னு நிறுத்தினா மோதிடுவாங்கல்ல. அதனால ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பாத்துட்டுத்தான் மிதிப்பேன். நாலாவது தடவையும் பாத்தேன். பின்னால யாரும் இல்ல. முன்னால, சந்துக்குள்ளேருந்து வந்துட்டாரு.” கைகளைத் துணியில் துடைத்தான். மறுபடியும் துடைத்தான். “இறங்கிப் பாத்தேன் சார். மூச்சு இல்ல. ஓடி வராம அங்கயே நின்னிருக்கணும்.”

வேன்காரனின் மனைவி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“அண்ணா, அந்த நசுங்கலை நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேம்மா. போன வாரமே இருந்துச்சு.”

அவள் திட்டவில்லை, அழவில்லை. நேராக ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

11.50. ஜீப் வந்தது. தங்கைக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது. அண்ணனின் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவன் போட்டுக்கொண்டான். பொத்தானை அவளே மாட்டிவிட்டாள். பேட் ஒரு செட்தான் என்று ஏன் சொன்னேன் என்று அவனிடம் சொல்ல நினைத்தாள். அவன் கேட்கவில்லை.

ஜீப்பில் ஏறியவன் தலையை வெளியே நீட்டினான்.

“லைப்ரரியன் அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுக்க. கருப்பையே வெச்சுக்கச் சொல்லு. பேட் மட்டும் புதுசு போடணும். இன்னும் பழக்கல, முதல் நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டச் சொல்லு. எழுதிக்க, மறந்துடுவ.”

அவள் மேஜைக்கு ஓடினாள். அட்டையில் ‘வெள்ளி’ என்பதற்குக் கீழே, அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினாள். நிமிர்ந்தபோது ஜீப் போய்விட்டிருந்தது.